தூக்கி இறக்கிய கார் ஏன் உயரமாக நிற்கிறது?

எண்ணெய் மாற்றுவதற்காகப் பட்டறையில் தூக்கிய உங்கள் கார், இறக்கிய பிறகு முன்பக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்து நிற்பதாகவும், ஸ்பிரிங் கெட்டுவிட்டதோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தூக்கி இறக்குவதால் ஸ்பிரிங் கெடுவதில்லை. காரை நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பழைய உயரத்திற்குத் தானே வந்துவிடும்.

காரணம் ஸ்பிரிங்கில் இல்லை, டயர் தரையைப் பிடித்துக்கொள்வதில் இருக்கிறது. கார் அந்தரத்தில் நிற்கும்போது சக்கரங்கள் தம் எடையால் கீழே தொங்குகின்றன. முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், உள்முனையில் கீல் வைத்த கதவைப் போல அசைவதால், சக்கரம் நேர்கோட்டில் இறங்காமல் வில்போல வளைந்து, காரின் உட்பக்கமாகச் சற்று ஒதுங்கியபடியே இறங்குகிறது. ஆகவே இடது, வலது டயர்களுக்கு இடையிலான அகலம் குறைந்த நிலையில்தான் அவை மீண்டும் தரையைத் தொடுகின்றன. கார் முழுமையாக அமர வேண்டுமானால் இரண்டு டயர்களும் வெளிப்பக்கமாக நகர்ந்தாக வேண்டும். ஆனால் சில நூறு கிலோ எடை அழுத்திக்கொண்டிருக்க, ரப்பர் சிமெண்டுத் தரையில் பக்கவாட்டில் வழுக்குவது எளிதன்று. அதனால் கார் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. சக்கரம் உருளத் தொடங்கியதும் டயரின் புதுப்புதுப் பகுதி தரையைத் தொடுகிறது; ஒவ்வொரு முறையும் இம்மியளவு வெளியே தள்ளித் தொடுவதால், ஒரு சுற்று இரண்டு சுற்றிலேயே அகலம் சரியாகி, உடல் கீழே அமர்கிறது. பானெட்டைப் பிடித்து அமுக்கி ஆட்டுவதைவிடக் காரை உருட்டுவது நல்ல பலன் தருவது இதனால்தான்.

இதை நான் ஒருமுறை அளந்தே பார்த்தேன். காரை இறக்கிய உடனே டயரின் வெளியோரத்தை ஒட்டித் தரையில் சாக்கட்டியால் கோடு கிழித்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தேன்: 40.5 சென்டிமீட்டர். ஸ்டியரிங்கைத் திருப்பாமல் முன்னும் பின்னுமாக உருட்டி அதே இடத்திற்குக் கொண்டுவந்தபோது டயர் கோட்டைத் தாண்டி அரை விரல் அகலம் வெளியே நின்றது, உயரம் 38.2 ஆகியிருந்தது. பின்பக்கம் அப்படி மாறவில்லை. என் காரின் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே குறுக்குத் தண்டில் பொருத்தப்பட்டவை என்பதால் அங்கே அகலம் சுருங்க வழியில்லை. நீங்களும் அளந்தால் தரையிலிருந்து அளக்காதீர்கள். டயரில் காற்று குறைந்திருந்தாலே அந்தக் கணக்குத் தவறிவிடும்.

ஓட்டிய பிறகும் கார் இறங்காவிட்டால் அது வேறு விஷயம். எண்ணெய் மாற்றும் வேலையில் அதற்கு இடமில்லை; ஆர்ம், அது காரின் உடலோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் உருளையான புஷ் போன்றவற்றைக் கழற்றி மாட்டியிருந்தால் உண்டு. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து, மொத்தம் 12 ஆண்டுகளாக ஓட்டும் என் காருக்கு, காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் லோயர் ஆர்ம் புஷ்களை மாற்றினேன். அதன் பின் வாரக்கணக்கில் ஓட்டியும் முன்பக்கம் உயர்ந்தே நின்றது. வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது விறைப்பாக இருந்தது. 10 ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டல்லவா, அதற்கு முன்னர்ச் சின் மிங்கில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டியபோது, ஓராண்டுகூட ஆகாத புஷ்ஷின் ரப்பர் அரைவட்டமாகக் கிழிந்திருந்ததை டார்ச் அடித்துக் காட்டினார். "தம்பி, தொங்க விட்டே போல்ட்ட இறுக்கிட்டாங்க. தரையில நிக்கிற உயரத்துல வச்சுத்தான் இறுக்கணும்" என்றார்.

புஷ்ஷின் உள்குழாயும் வெளிக்குழாயும் நடுவிலுள்ள ரப்பரோடு ஒட்டியே வார்க்கப்பட்டவை. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் நின்றுவிடும்; அதன் பின் ஆர்ம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் அத்தனையையும் ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் ஈடுகொடுக்க வேண்டும். எந்தக் கோணத்தில் இறுக்குகிறோமோ அதுவே அந்த ரப்பரின் ஓய்வு நிலை. தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் ரப்பர் முறுக்கேறியே இருக்கும். அந்த முறுக்கு காரை மேலே தள்ளும், ரப்பரும் விரைவில் கிழியும். அந்த அண்ணன் புதிய புஷ்களைப் போட்டு, ஆர்மின் கீழே ஜாக்கி கொடுத்து, நான் எழுதிவைத்திருந்த 38.2 சென்டிமீட்டர் வரும்வரை சக்கரத்தை உயர்த்தி, அதற்குப் பிறகே போல்ட்டுகளை இறுக்கினார். கார் அன்றே ஒழுங்காக அமர்ந்தது. அதே புஷ்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன.

சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பார்ப்பதாக இருந்தால், கார் முழுமையாக அமர்ந்த பிறகே பாருங்கள். உயர்ந்து நிற்கும்போது சக்கரத்தின் சாய்வும் முன்நோக்கிய கோணமும் மாறியிருக்கும். அந்த நிலையில் சரிசெய்தது, கார் அமர்ந்ததும் தவறாகிவிடும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்களுக்கு வழிமுறை வேறு, கையேட்டைப் பாருங்கள்.

முதல் சில மீட்டரில் ஓரிரு முறை 'டக்' என்று ஒலி வந்தால் அஞ்ச வேண்டாம், ஸ்பிரிங் தன் இருக்கையில் அமரும் ஒலியாக இருக்கலாம். மறுநாளும் ஒவ்வொரு வேகத்தடையிலும் அதே ஒலி கேட்டால், தீவு விரைவுச்சாலையில் ஏறாமல் நேரே பட்டறைக்குத் திரும்பி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.