ஆய்வுகூடத்தில் பலித்தது உடம்பில் பலிக்குமா? – கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு, உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் தரும் பதில்கள்.

உவர்மலை, ஒரு மகள்: மஞ்சள் புற்றுநோய்க் கலங்களை அழிக்கிறதாமே டீச்சர். அம்மாவுக்கு மஞ்சள் குளிசை வாங்கிக் கொடுக்கவா?

வாங்காதீர்கள். முதலில் அம்மாவைப் பார்க்கும் டொக்டரோடு கதையுங்கள். ஆய்வுகூடத் தட்டில் கலங்கள் செத்தது உண்மைதான். ஆனால் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள், அங்கே ஊற்றும் அளவுக்கு இரத்தத்தில் சேர்வதில்லை. விழுங்கியதில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறும், உறிஞ்சப்பட்டதையும் ஈரல் சீக்கிரம் மாற்றிவிடும். போதாததற்குக் குர்குமின் தானே ஒளிரும் பொருள். ஒளியை அளக்கும் சோதனைகளில், வேலை செய்யாமலே வேலை செய்வதுபோல் காட்டும். 2017இல் மருந்து இரசாயனவியலாளர்கள் சிலர் 120க்கு மேற்பட்ட மனிதப் பரிசோதனைகளை அலசினார்கள். யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பது நோயாளிக்கும் டொக்டருக்கும் தெரியாமல் நடத்தியவற்றில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. கறிக்குப் போடும் மஞ்சளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கிண்ணியா, கடற்றொழிலாளி: முருகைக்கல் பக்கம் கூம்பு வடிவில் அழகான சிப்பி கிடைக்கும். அதில் மருந்து செய்கிறார்களாமே?

செய்திருக்கிறார்கள் அண்ணன். ஆனால் உயிரோடு இருப்பதைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். ஊசி போன்ற பல்லால் குத்தி மீனைச் செயலிழக்க வைக்கும் நத்தை அது. ஒரு சில இனங்கள் குத்தி மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

அந்த நஞ்சிலே 25 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைட்டு என்ற சிறிய புரதத் துண்டு ஒன்று இருக்கிறது. முண்ணாணில் வலிச் செய்தியைக் கடத்தும் நரம்புகளில் கல்சியம் உள்ளே போகும் வாசலை அது அடைத்துவிடும். 2004இல் சிக்கோனொடைட் என்ற பெயரில் வலி மருந்தாக அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்போது நத்தையைப் பிடிக்கத் தேவையில்லை, ஆய்வுகூடத்திலேயே செய்கிறார்கள். குளிசையாக விழுங்க முடியாது, முண்ணாணைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் நேராகச் செலுத்த வேண்டும். அதனால் வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்குத்தான் கொடுப்பார்கள்.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற தபால் அதிபர்: கசாயத்தை அவித்தால் மருந்துக் குணம் போய்விடுமா?

சிலவற்றில் போய்விடும் ஐயா. மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன விஞ்ஞானி து யூயூ, ஒரு மூலிகையைச் சூடாக்கி எடுத்தபோது நம்பிக்கையான பலன் கிடைக்கவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன பழைய வைத்தியக் குறிப்பைப் பார்த்து, குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானால் பிரித்தார். 1971இல், 191ஆம் மாதிரி எலிகளில் மலேரியாக் கிருமியை முழுதாக ஒழித்தது. அதிலிருந்து பிறகு பிரித்தெடுத்த மருந்துப் பொருள்தான் ஆர்டெமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எல்லா மூலிகைக்கும் இதே கணக்கு என்று எடுக்க முடியாது.

நிலாவெளி, கடைக்காரர்: எலிக்குச் சுகமானால் எங்களுக்கும் சுகமாகுமா?

பெரும்பாலும் இல்லை. எலியில் பலித்தவற்றில் அதிகமானவை மனிதரில் தோற்றுப்போகின்றன. செய்தியில் 'எலிகளில்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூதூர், உயர்தர மாணவி: பெரிய ஆய்வுகூடம் இல்லாத ஊர்க்காரர் ஆராய்ச்சி செய்ய முடியுமா டீச்சர்?

முடியும் மகள். மேலே சொன்ன நத்தையை ஆராயத் தொடங்கிய பால்டொமெரோ ஒலிவேரா, அமெரிக்காவில் படித்துவிட்டு பிலிப்பைன்ஸ் திரும்பியவர். அங்கே கருவிகள் போதவில்லை, அதனால் தன் கடலில் கிடைத்த நத்தையை எடுத்தார். பிறகு அமெரிக்காவில் அவருடைய ஆய்வுகூடத்தில் அந்தப் பெப்டைட்டைப் பிரித்தெடுத்தது, பள்ளி முடித்து வந்த மைக்கேல் மெக்கின்டொஷ் என்ற இளைஞர். அமினோ அமிலப் பாடத்தைப் படிக்காமல் விட்டுவிடாதே. செயன்முறைப் புத்தகத்தில் சரிவராத பரிசோதனையையும் எழுதி வை.