வேலையை விட்டுவிட்டு கோடிங் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ. கோவை குறிச்சி சிட்கோவில் ஒரு பட்டறையில் ஏழு வருடமாக சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) புரோகிராமர். சம்பளம் 24,000. ஆறு மாத கோடிங் பூட்கேம்ப்பில் சேர்ந்தால் ‘100 சதவீதம் வேலை’ என்கிறார்கள். கட்டணம் 1,40,000 ரூபாய், இஎம்ஐ உண்டு. முழுநேர வகுப்பு என்பதால் வேலையை விட வேண்டும். தேவைப்பட்டால் நகையை அடகு வைக்கலாம் என்கிறாள் மனைவி. ஒரு வயதில் குழந்தை இருக்கிறது. சேரலாமா அக்கா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: தம்பி, நீங்கள் சாஃப்ட்வேர் பக்கம் தாராளமாக வரலாம். ஆனால் இப்போது வேலையை விடாதீர்கள். எதிலும் கையெழுத்தும் போடாதீர்கள்.

முதலில் அந்த இஎம்ஐ. போனில் பேசுகிறவர் சொல்லும்போது ஃபீஸைத் தவணையில் கட்டுவது போலத்தான் இருக்கும். பெரும்பாலும் அது கடன். ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் போட்டு, பணத்தைப் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். இரண்டாவது மாதமே நீங்கள் வகுப்பிலிருந்து நின்றுவிட்டாலும் தவணை தானாக நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும். கடன் கொடுப்பது யார், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும், ‘100 சதவீதம்’ என்பது எந்தச் சம்பளத்தில் எந்த வேலை, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்த இடமே வேண்டாம். அமெரிக்காவில் ப்ளூம்டெக் என்ற பயிற்சி நிறுவனம், படித்தவர்களில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்ததாக விளம்பரம் செய்தது. உண்மையில் அது 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, ஒரு கட்டத்தில் 30 வரைகூட இறங்கியது என்று சொல்லி, 2024-ல் அந்த நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது.

வேலைச் சந்தையும், ஆட்களை அள்ளி எடுத்த 2021-ல் இருந்தது போல இல்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ்ஸே சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. சின்னச் சின்ன கோடை ஏஐ எழுதிக் கொடுத்துவிடுவதால், புதிதாக வருகிறவரிடம் எதிர்பார்ப்பு கூடிவிட்டது.

நான் பன்னிரண்டு வருடமாக சாஃப்ட்வேர் வேலைக்கு இன்டர்வியூ எடுக்கிறேன். பூட்கேம்ப் முடித்து வருகிற பலர் ஒரே மாதிரி புராஜெக்ட்டைத்தான் காட்டுவார்கள்: ஒரு ஷாப்பிங் தளம், ஒரு வானிலை ஆப். “இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டால் திகைத்துப் போவார்கள். பாவம், ஆறு மாதத்தில் அத்தனையையும் திணித்தால் யோசிக்க நேரம் ஏது?

உங்கள் நிலை வேறு. நீங்கள் ஏழு வருடமாக புரோகிராம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மெஷினை நகர்த்த எக்ஸ் 25 என்று போட்டு, பின்னால் புள்ளி வைக்க மறந்தால் பல கன்ட்ரோலர்களில் அது 25 மில்லிமீட்டர் இல்லை, 25 மைக்ரான், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம். அதனால்தானே புது ஜாப் என்றால் சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக ஓட்டி, நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்டு பட்டனில் விரலை வைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள்? பிழையைத் தேடித் திருத்துவதை நாங்கள் டீபக்கிங் என்று சொல்வது அதேதான். அந்தப் பொறுமையை எந்த வகுப்பிலும் ஆறு மாதத்தில் வாங்க முடியாது.

அதனால் மூன்று மாதம், ஷிஃப்ட் முடிந்து தினமும் ஒரு மணி நேரம் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைப் படியுங்கள். என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் அறிமுகப் பாடமான சிஎஸ்50-யும் இலவசம்தான். கஷ்டமாக இருக்கும், ஆனால் அடிப்படை உறுதியாகும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் விட்டுப்போனால் கவலைப்படாதீர்கள்.

அப்புறம் ஷாப்பிங் தளம் எல்லாம் செய்யாதீர்கள். உங்கள் பட்டறையில் எந்த இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டு முனை) எத்தனை ஜாப்புக்குத் தாங்கியது என்று நோட்டில் எழுதுவார்கள் இல்லையா? அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்கிற ஒரு சின்ன புரோகிராம் எழுதுங்கள். முதலாளியிடம் காட்டி, நிஜமாகவே அங்கே ஓட விடுங்கள். மெஷின் கண்காணிப்பு மென்பொருள், மெஷின் புரோகிராமை உருவாக்கித் தரும் கேம் (CAM) மென்பொருள், அதை அந்தந்த மெஷினுக்குப் புரியும் கோடாக மாற்றும் போஸ்ட் பிராசஸர் எழுதுவது என்று உங்கள் தொழிலை ஒட்டியே சாஃப்ட்வேர் வேலைகள் உண்டு. பட்டறை தெரிந்தவர் கோடும் எழுதினால் அங்கே மதிப்பு அதிகம். அந்த நிறுவனங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

மூன்று மாதம் கழித்தும் உட்கார்ந்து எழுத ஆசை இருந்து, யாராவது சொல்லித் தந்தால் தேவலை என்று தோன்றினால், வார இறுதி வகுப்பாகப் பாருங்கள். சம்பளத்திலிருந்து கட்ட முடிகிற ஃபீஸாக இருக்கட்டும். உங்கள் மனைவியின் மனசு பெரியது. நகை பீரோவிலேயே இருக்கட்டும் என்று இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.