யாரும் முடிவெடுக்காமல் வளர்ந்த திட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரு நிறுவனத்தின் பதிவேடுகளைக் கணினிமயமாக்கும் மென்பொருளை உருவாக்கும் 6 பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைமை வகிக்கிறேன். 6 மாதத்தில் முடிப்பதாக ஒப்புக்கொண்ட பணி இப்போது 11ஆவது மாதத்தில் நிற்கிறது. தொடக்கத்தில் எழுதிய 2 பக்கக் குறிப்பில் பதிவு, தேடல், மாதாந்திர அறிக்கை என்ற தலைப்புகள் மட்டுமே இருந்தன. அதன்பின் வாடிக்கையாளர் தரப்பில் வெவ்வேறு நபர்கள் கேட்ட 17 சேர்க்கைகளை ஏற்றுக்கொண்டோம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் 2 நாள் வேலைக்கு மேல் இல்லை. பழைய பதிவுகள் அனைத்தையும் புதிய மென்பொருளுக்குள் கொண்டுவருவதும் எங்கள் பொறுப்பே என்று இப்போது சொல்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவே இல்லை. மறுத்தால் உறவு கெடும், ஏற்றால் குழு சோர்ந்துவிடும். அஜைல் முறையில் (மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்து, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் முறை) எல்லை என்று ஒன்று கிடையாது, கேட்பதைச் செய்துகொடுப்பதே முறை என்கிறார் குழுவில் ஒருவர். வரைபடங்கள் கொண்ட முகப்புப் பக்கம் ஒன்றை யாரும் கேட்காமலேயே அவர் சேர்த்தும் இருக்கிறார். 'முடியாது' என்று சொல்லப் பழகுவதுதான் வழியா?

(பெயர் வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 17 சேர்க்கைகள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 2 நாள் என்றால் மொத்தம் 34 வேலைநாள். ஒரே ஆள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திருந்தாலும் 7 வாரத்தில் முடிந்திருக்கும். உங்கள் தாமதமோ 4 மாதத்தைக் கடந்துவிட்டது. மீதி நாட்கள் எங்கே போயின என்ற கேள்வியை உங்கள் குழு கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பதிவுப் படிவத்தில் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்ப்பது 2 நாள் வேலைதான். ஆனால் அந்தக் கட்டம் தேடலில் வரவேண்டும், அறிக்கையில் இடம்பெற வேண்டும், அதை யார் திருத்தலாம் என்று தீர்மானிக்க வேண்டும், ஏற்கெனவே சோதித்து முடித்த பகுதிகளையெல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும். அடுத்த சேர்க்கை வரும்போது அது பழைய மூன்று தலைப்புகளோடு மட்டுமல்ல, முன்பு சேர்த்த அத்தனையோடும் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. ஆகவே 17ஆவது கோரிக்கையின் விலை முதல் கோரிக்கையின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். கேட்டவருக்கும் அது தெரியாது, ஒப்புக்கொண்ட உங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது 'வெவ்வேறு நபர்கள்' என்ற சொல்தான். அந்தப் 17 சேர்க்கைகளில் ஒன்றையாவது யாராவது முடிவாக எடுத்தார்களா? ஒருவர் கேட்டார், உங்கள் குழுவில் ஒருவர் இரக்கப்பட்டோ தயங்கியோ சரியென்றார், வேலை நடந்தது. பணம் கொடுப்பவருக்கு அது தெரியாது. முடிவுத் தேதி தள்ளிப்போகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. திட்ட எல்லையை, அதாவது எது பணியில் சேரும், எது சேராது என்பதைக் கட்டுப்படுத்துவது, மறுக்கும் கலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. மாற்றம் வரலாம், பெரும்பாலும் வரவேண்டும். ஆனால் ஒவ்வொரு மாற்றமும், அதன் விலை இன்னதென்று அறிந்து, அந்த விலையைக் கொடுக்கும் உரிமையுள்ள ஒருவர் எடுத்த முடிவாக இருக்கவேண்டும் என்பதே அதன் பொருள்.

எல்லை வரையப்படுமுன் வேலை தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு சிட்னி ஓபரா மாளிகையின் வரலாறு போதும். டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் வடிவம் 1957இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. சிப்பி ஓடுகள் போன்ற அதன் கூரையை எப்படிக் கட்டுவது என்று தீர்மானமாகாத நிலையிலேயே, அரசின் அவசரத்தால், 1959இல் கட்டுமானம் தொடங்கியது. கூரையின் வடிவம் பின்னர் முடிவானபோது, அடித்தளத்தில் எழுப்பியிருந்த தூண்கள் அதைத் தாங்கப் போதாமல் மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. 1966இல் உட்சன் விலகிய பிறகு, ஓபராவுக்கும் இசைக்கச்சேரிக்கும் பொதுவாக இருக்கவேண்டிய பெரிய அரங்கு கச்சேரிக்கு மட்டும் என்று மாறியது. அதற்குள் பொருத்தப்பட்டிருந்த மேடை இயந்திரங்கள் கழற்றப்பட்டன. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்ற மதிப்பீடு 10 கோடியே 20 லட்சமானது. 1963இல் முடியவேண்டியது 1973இல் திறக்கப்பட்டது. இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம், உண்மைதான். ஆனால் அந்தப் புகழைக் காட்டித் தாமதத்தை நியாயப்படுத்துவோரோடு எனக்கு உடன்பாடில்லை. தூண்களை இரண்டாம் முறை கட்டியதால் அந்தக் கட்டடம் அழகு பெறவில்லை.

பழைய பதிவுகள் விஷயத்தை அந்தப் 17இலிருந்து பிரித்துப் பாருங்கள். அதை வாடிக்கையாளர் புதிதாகச் சேர்க்கவில்லை. மென்பொருள் வந்துவிட்டால் பழைய பதிவுகளும் அதில் இருக்கும் என்று அவர் முதல் நாளிலிருந்தே நம்பியிருக்கிறார். இல்லை என்று நீங்கள் முதல் நாளிலிருந்தே நம்பியிருக்கிறீர்கள். இரு தரப்பும் கையொப்பமிட்டது ஒரே தாளில், மனத்தில் இருந்தவை இரண்டு திட்டங்கள். செய்யப்போவதை எழுதும் அதே அக்கறையோடு செய்யப்போவதில்லை என்பதையும் எழுதியிருந்தால், 'பழைய பதிவுகளை மாற்றுவது இதில் சேராது' என்ற ஒரு வரி அந்தச் சண்டையை முதல் வாரத்திலேயே நடத்தி முடித்திருக்கும். எல்லைக் குறிப்பை எழுதும்போது எனக்கு மிகுந்த நேரம் பிடிப்பது இந்தப் பகுதிதான்; எதிர்த்தரப்பு முகஞ்சுளிப்பதும் இதைப் படிக்கும்போதுதான். அந்த முகச்சுளிப்பைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

எப்போது முடிந்ததாகக் கொள்வது என்பதும் அதே குறிப்பில் இருக்கவேண்டும். 1961 மே 25 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கென்னடி அறிவித்த இலக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதரைச் சந்திரனில் இறக்கி, பத்திரமாகப் பூமிக்குத் திரும்பக் கொண்டுவருவது. எப்படிப் போவது என்று அதில் இல்லை. அது 1962இல்தான் முடிவானது. ஆனால் எது நடந்தால் பணி முடிந்தது என்பதில் யாருக்கும் ஐயம் எழ இடமில்லை. 1969 ஜூலை 20 அன்று சந்திரனில் கால்வைத்தபோது அந்தப் பணி முடியவில்லை. வீரர்கள் பசிபிக் கடலில் வந்து இறங்கிய ஜூலை 24 அன்றுதான் முடிந்தது. உங்கள் குறிப்பிலுள்ள 'மாதாந்திர அறிக்கை' என்ற இரு சொற்களுக்கு அப்படி ஒரு முடிவு நாள் உண்டா?

அஜைல் பற்றி உங்கள் நண்பர் சொல்வது பிழை. அந்த முறைகளில் பொதுவாகக் காலமும் ஆட்களும் நிலையாக இருக்க, செய்யும் வேலை கூடிக் குறையும். ஒன்று உள்ளே வந்தால் அதே அளவுள்ள மற்றொன்று வெளியேறவேண்டும். தேவைகளை அவசியம், வேண்டியது, இருந்தால் நல்லது, இம்முறை இல்லை என நான்காகப் பிரிக்கும் பழக்கம் 1990களிலிருந்தே அங்கே இருக்கிறது. அந்த நான்காவது பிரிவு ஓர் எல்லையன்றி வேறென்ன? நீங்கள் 17 ஐ உள்ளே விட்டீர்கள், எதையும் வெளியே அனுப்பவில்லை. அவர் ஆர்வத்தில் செய்த முகப்புப் பக்கமும் இதே கணக்கில்தான் சேரும். அதைச் சோதிக்கவும் பராமரிக்கவும் வேண்டியவர்கள் உங்கள் குழுவினரே. அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்; ஆனால் வாடிக்கையாளரின் கோரிக்கைக்கு வைக்கும் அதே வாசலை உங்கள் ஆட்களின் யோசனைக்கும் வையுங்கள்.

இனிச் செய்யவேண்டியது. ஒரு வாரம் புதிய கோரிக்கை எதையும் தொடாமல், முடிந்தவை, கையில் இருப்பவை, கேட்கப்பட்டு நிற்பவை அனைத்தையும் ஒரே பட்டியலாக எழுதுங்கள். பணம் கொடுக்கும் பொறுப்பிலுள்ள ஒருவரைச் சந்தித்து, யார் கேட்டது, யார் ஒப்புக்கொண்டது என்ற பழிப்பேச்சை எடுக்காமல், புதிய எல்லையையும் புதிய தேதியையும் இருவருமாக எழுதிக் கையொப்பமிடுங்கள். அதன்பின் வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், என்ன, ஏன், எத்தனை நாள், எது தள்ளிப்போகும், யார் ஒப்புதல் என்ற ஒரு பதிவு இருக்கட்டும். இலவசமாகச் செய்வதையும் அதில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலிடத்தை நாடினால் வேலை நகராது என்பதால், மாதத்துக்கு இத்தனை நாள் வரையிலான மாற்றங்களை நீங்களே தீர்மானிக்கலாம் என்ற அனுமதியையும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது 'முடியாது' என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் தேவையே இராது. 'செய்யலாம், 9 நாள் ஆகும், அறிக்கைப் பகுதி அடுத்த மாதத்துக்குப் போகும், எது வேண்டும்?' என்று கேட்டால், கேட்டவர்களில் பலர் தாங்களே யோசித்துத் திரும்பிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சந்திப்பில் முதலில் பழைய பதிவுகளைப் பற்றிப் பேசுங்கள். எத்தனை பதிவுகள், எந்த வடிவில், எவ்வளவு பிழையோடு இருக்கின்றன என்பதை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். அவற்றை மாற்றாமல் அந்த நிறுவனத்தால் இந்த மென்பொருளைப் பயன்படுத்தவே முடியாது என்று தெரிந்தால், அந்த வேலை எல்லைக்குள்தான் வரவேண்டும். அதற்கு இடம் கொடுக்க 17இல் எவை வெளியேறும் என்பதே அப்போது பேசவேண்டியது.

அன்புடன்.