தனியா சீனா போற பொண்ணுக்கு

அன்புள்ள அக்கா,

எனக்கு 31 வயசு, பெங்களூர்ல வேலை. நவம்பர்ல ஒன்பது நாள் லீவு, முதல் தடவையா தனியா வெளிநாடு, சீனா போறேன். பெய்ஜிங், சியான், சோங்கிங், ஷாங்காய், குவாங்சோ. பிளான் இணைச்சிருக்கேன். மொழி தெரியாது, சைவம் வேற. பாதுகாப்பா இருக்குமா? அம்மா "கல்யாணம் பண்ணிக்கிட்டு அவரோட போயேன்"ங்கறாங்க. அவங்களுக்கு வெளி உலகம் தெரியாது, விடுங்க.

– ம.

அன்புள்ள ம.,

அந்தக் கடைசி வரி இல்லேன்னா இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். அதுக்கு அப்புறம் வரேன்.

பாதுகாப்பு பத்திக் கவலையே வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேலயும் பொண்ணுங்க தனியா நடந்து போற ஊருங்க அதெல்லாம், மெட்ரோல ஏறணும்னாலே பையை ஸ்கேன்ல போடணும். ஒண்ணே ஒண்ணு, பெய்ஜிங் வாங்ஃபுஜிங், ஷாங்காய் நான்ஜிங் ரோடு மாதிரி கடைத்தெருல நல்லா இங்கிலீஷ் பேசிக்கிட்டு வந்து "வாங்க, டீ குடிக்கலாம்"னு யாராவது கூப்பிட்டா போயிடாதீங்க, பில்லைப் பாத்தா அழுகை வரும். அலிபேன்னு பணம் கட்டற ஆப்ல உங்க கார்டை இங்கேயே சேத்துடுங்க. கூகுள், வாட்ஸ்அப் அங்க ஓடாது, ரோமிங் சிம் இருந்தா ஓடும். சாப்பாட்டுக்குப் புத்தர் கோயில் பக்கமா சைவ ஹோட்டல் இருக்கும். மத்த இடத்துல சில சமயம் காய்கறியையே பன்னிக்கொழுப்புல வதக்குவாங்க, கேட்டுட்டு சாப்பிடுங்க. அவ்ளோதான்.

இப்போ உங்க பிளான். ஒன்பது நாள்ல அஞ்சு ஊரா? எதைப் பாக்கப் போறீங்க, ரயில் ஜன்னலையா? பெய்ஜிங்ல இருந்து ஷாங்காய் 1,318 கிலோமீட்டர், புல்லட் ரயில்ல நாலரை மணி நேரம், உண்மைதான். ஆனா ஸ்டேஷனுக்குப் போற நேரம், பாஸ்போர்ட் காட்டற நேரம், ரூமைக் காலி பண்ணி அடுத்த ரூம் தேடற நேரம் எல்லாம் எந்த யூடியூப்காரரும் சொல்றதில்ல. சோங்கிங்ல இருந்து ஷாங்காய்க்கு ரயில்ல போனா ஒரு முழுப் பகல் காலி. பெய்ஜிங்ல அஞ்சு நாள், ஷாங்காய்ல நாலு நாள், போதும். சியான்ல அந்த மண் வீரர்கள், சுட்ட மண்ணால செஞ்ச பழங்காலச் சிலைங்க, 1974ல விவசாயிங்க கிணறு வெட்டறப்போ கிடைச்சாங்க, இன்னும் அங்கேயேதான் இருப்பாங்க, அடுத்த தடவை போங்க.

மிச்சமாகிற நேரத்துல காலைல ஆறரைக்கெல்லாம் பெய்ஜிங் டெம்பிள் ஆஃப் ஹெவன் பார்க்குக்குப் போங்க. 1420ல கட்டினது, நல்ல விளைச்சல் வேணும்னு பேரரசர் வேண்டிக்கிட்ட இடம், சாதாரண ஜனம் உள்ள காலெடுத்து வைக்க முடியாது. 1918ல பொதுப் பூங்காவா திறந்து விட்டாங்க. படையல் சாமான் தூக்கிட்டுப் போறதுக்குன்னு கட்டின நீளமான தாழ்வாரத்துல நான் போனப்போ வரிசையா உக்காந்து சீட்டாடிட்டு இருந்தாங்க. ஒருத்தர் பெரிய பிரஷ்ஷைத் தண்ணில முக்கித் தரையில எழுதறார், அது காயக் காய அடுத்த வரி எழுதறார். கொஞ்சம் தள்ளி அம்பது அறுபது வயசுப் பொம்பளைங்க வட்டமா நின்னு இறகு வெச்ச பந்து மாதிரி ஒண்ணைக் காலால உதைச்சு ஆடறாங்க, கீழ விழுந்தா ஓன்னு சிரிக்கறாங்க. அங்க தொழிலாளிப் பெண்களுக்கு ரொம்ப காலமா 50 வயசுல ரிட்டயர்மென்ட், 2025ல இருந்துதான் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறாங்க. பேரப்பிள்ளைய வளக்கற வேலை அவங்களுக்கும் இருக்கு, சொகுசு வாழ்க்கைன்னு நினைச்சுடாதீங்க. ஆனா அந்த ஒரு மணி நேரம் அவங்களோடது.

அன்னைக்கு எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்து நிக்க முடியல. ஸ்கூல்ல எறிபந்து டீம்ல இருந்தவங்க. கல்யாணத்துக்கு அப்புறம் பந்தைத் தொடவே இல்ல. அம்பது வயசுக்கு மேல அவங்க தனியா போன இடம்னா கோயில், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, மூணுலயும் ஏதோ ஒரு காரணம் கையில இருக்கணும், பையோ அர்ச்சனைத் தட்டோ. சும்மா ஒரு பெஞ்சுல உக்காந்தா "என்ன ஆச்சு, ஏன் இங்க உக்காந்திருக்கீங்க"ன்னு தெருவே கேக்கும். ஒரு ஊரு நல்ல ஊரான்னு பாக்க எனக்கு இது ஒண்ணு போதும்: அங்க ஒரு பொம்பள எதுவும் வாங்காம, யாருக்கும் காத்திருக்காம, காரணம் சொல்லாம உக்காந்திருக்க முடியுதா? கோபுரம், அரண்மனை, 350 கிலோமீட்டர் வேக ரயில் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

அதனாலதான் கேக்கறேன், உங்கம்மாவுக்கு வெளி உலகம் தெரியாதுன்னு இவ்ளோ சுலபமா எழுதிட்டீங்களே, யாராவது காட்டினாங்களா அவங்களுக்கு? நீங்க சம்பாதிக்க ஆரம்பிச்சு இத்தனை வருஷத்துல ஒரு தடவை எங்கயாவது கூட்டிட்டுப் போனீங்களா? தனியா போறது உங்க உரிமை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, தைரியமாப் போங்க. அதுக்காக அவங்களை மட்டம் தட்டாதீங்க. "அவரோட போ"ங்கறாங்கன்னா, அவங்க காலத்துல வெளிய போக இருந்த ஒரே வழி அதுதான்.

ஷாங்காய் பீப்பிள்ஸ் பார்க்குக்கு சனி, ஞாயித்துக்கிழமை போங்க. பெத்தவங்க குடையை விரிச்சு வெச்சு அது மேல பிள்ளைங்களோட வயசு, உயரம், சம்பளம், வீடு எல்லாம் எழுதின பேப்பரை ஒட்டி வரன் தேடிட்டு நிப்பாங்க. அங்க இருந்து அம்மாவுக்கு ஒரு வீடியோ கால் போட்டுக் காட்டுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.

இன்னொண்ணு, பெய்ஜிங்ல பேரரசர்களோட பழைய அரண்மனை, அந்த ஃபர்பிடன் சிட்டியைத் திங்கக்கிழமைல போட்டிருக்கீங்க. திங்கக்கிழமை மூடியிருக்கும். ஏழு நாள் முன்னாடியே பாஸ்போர்ட் நம்பர் குடுத்து புக் பண்ணணும், நாளை மாத்துங்க.