சம்மணமிட்டால் கால் மரக்கிறதா?

கேள்வி: கண்டிக்கு அருகே நிலம்பே தியான நிலையத்தில் வார இறுதியில் தங்கப்போகிறேன். இருபது நிமிடம் சம்மணமிட்டாலே கால் மரத்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முழங்கால் தரையில் படாமல் தொங்குவதுதான் கோளாறு. முதுகு கூனி, பாரம் தொடைக்கு அடியில் இறங்கி நரம்பை அழுத்தும். திண்டின் முன்விளிம்பில் உட்காருங்கள். போர்வையை மடித்துப்போட்டு இடுப்பை 10–15 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். அப்படியும் கால் மரத்துப்போனால் நாற்காலிதான், அதில் வெட்கமென்ன? மரத்த காலோடு சட்டென எழாதீர்கள், கணுக்கால் பிசகும். உணர்வு திரும்பியதும் 20–30 எட்டு வைக்கும் நீளத்தில் நடைத் தியானம் செய்யலாம்.

அஷ்டசீலம் (பௌத்தர்கள் ஏற்கும் எட்டு ஒழுக்க விதிகள்) எடுத்தால் நண்பகலுக்குப் பின் சாப்பாடில்லை. காப்பிப் பிரியர்கள் சில நாள் முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தலைவலி வாட்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். உப்பைத் தூவினால் செத்துவிடும், கொல்லாமை என்ற முதல் சீலமும் போச்சு! நகத்தால் நெம்பி எடுத்துப் புல்லில் விடுங்கள்.