இப்போது வாங்கும் உடைகள் ஏன் முன்புபோல் உழைப்பதில்லை?

அப்பாவின் சட்டை பதினைந்து வருடம் உழைத்தது, உங்களுடையது ஆறே மாதத்தில் நைந்துவிட்டது என்கிறீர்கள். உடைகளைப் பிரித்துத் திருத்தித் தைப்பதுதான் என் வேலை. அதனால் உள்பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

பழைய பேன்ட்டின் பின்தையலைப் பிரித்தால் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டிருக்கும். உடம்பு போட்டால் பிரித்துவிடலாம். இன்று என்னிடம் வருபவை பெரும்பாலும் தையலை ஒட்டி ஓவர்லாக் (விளிம்பு பிரியாமல் நூலால் சுற்றித் தைப்பது) அடித்து நறுக்கப்பட்டவை. பிரித்துவிட ஒன்றுமே இருக்காது. அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் இருந்த இடத்தில் ஏழெட்டுதான் எண்ண முடிகிறது. தையல் குறைந்தால் நூலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

நூலும் மாறிவிட்டது. குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு நூற்பது கோம்ப்டு நூல். அந்த வேலையை விட்டுவிட்டால் குட்டை இழைகள் தேயத் தேய வெளியே வந்து உருண்டை கட்டும். பாலியஸ்டர் கலந்திருந்தால் இன்னும் மோசம். அந்த இழை அறாது என்பதால் உருண்டை உதிராமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கடையில் தொட்டால் மெத்தென்றிருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் துணியை மிருதுவாக்கும் சிலிகோன் பூச்சு, துவைக்கத் துவைக்கப் போய்விடும். ஜீன்ஸை மிருதுவாக்கவும் வெளுக்கவும் கல்லோடும் நொதியோடும் போட்டு அலசுவதில், ஆயுளில் ஒரு பகுதி நம் கைக்கு வருமுன்பே கழிந்துவிடுகிறது.

நீண்ட நாள் உடுத்துவார்கள் என்று நினைத்து இவற்றைச் செய்வதே இல்லை. பொருட்களை வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்த வலியுறுத்தும் எலன் மெக்கார்தர் அறக்கட்டளையின் 2017 அறிக்கைப்படி, பதினைந்து ஆண்டுகளில் உலக ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானது. ஓர் உடையை உடுத்தும் தடவைகளோ 36 சதவீதம் குறைந்தன.

தைப்பவர்களைக் குறை சொல்லாதீர்கள். விலையைக் குறைக்கும் நெருக்கடி கடைசியில் அவர்கள் தலையில்தான் விழுகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விரிசல் கண்டு முந்தின நாள் வெளியேற்றப்பட்டவர்களை மறுநாள் திரும்ப வேலைக்கு வரவைத்திருந்தார்கள். மலிவான சட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

நல்ல துணி இன்றும் கிடைக்கிறது. வாங்குமுன் உடையை உள்புறம் திருப்பி, பக்கவாட்டுத் தையலை இரு கையாலும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். தையலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.