பிசியா கன்சோலாங்கறது இல்ல தம்பி உங்க பிரச்சனை

கேள்வி: ரேசிங் சிம் (நிஜ கார் ஓட்டற மாதிரியே இருக்கற ரேஸ் கேம்) பைத்தியம் நான். பிளேஸ்டேஷன் 4, லாஜிடெக் ஜி29 வீல் ரெண்டும் வச்சிருந்தேன். எல்லாத்தையும் பாதி விலைக்கு வித்துட்டு எக்ஸ்பாக்ஸும் ஜி920 வீலும் தவணைல எடுத்தேன், இன்னும் 6 மாசம் பாக்கி. இப்ப ஐரேசிங்கற ஆன்லைன் ரேஸ் கேம்ல லீக் ஓட்ட ஆசை. இதையும் வித்துட்டு கேமிங் பிசி (ஒன்றரை மாச சம்பளம்), டைரக்ட் டிரைவ் வீல் (ஒரு மாச சம்பளம்) 24 மாச தவணைல எடுக்கலாமா, இல்ல பிஎஸ்5 போதுமா? என் கார்டுல லிமிட் இல்ல, மச்சான் தன் கார்டுல போடறேங்கறான். ராத்திரி தூக்கம் வரல.

பதில்: ஐரேசிங் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரி கன்சோல்ல கிடையாது, அதனால பிசி தான், அந்தக் கேள்வி இதோட முடிஞ்சுது. கிரான் டூரிஸ்மோ 7 கேம் தான் வேணும்னு சொல்லிருந்தா பிளேஸ்டேஷன்னு சொல்லிருப்பேன்.

எனக்கு கவலை என்னன்னா, நீங்க ஒரு பொருளோட கடன் முடியறதுக்கு முன்னாடியே அதை பாதி விலைக்கு வித்துட்டு அடுத்ததுக்கு கடன் வாங்கறீங்க. ஜி29 பிசிலயும் ஓடும் தம்பி, எக்ஸ்பாக்ஸ்ல தான் ஓடாது. பிசியா, பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸானு முதல்ல முடிவு பண்ணாம வாங்கினதுனால தான் ஒரே தரத்து வீலுக்கு ரெண்டு தடவை காசு போச்சு. மறுபடி அதையே பண்ணப் போறீங்க, ஜி920-ம் பிசில நல்லாவே ஓடும், அதை ஏன் விக்கணும்?

உங்க சம்பளத்தை 100ன்னு வச்சுக்குங்க. பழைய தவணை மாசம் சுமார் 8ன்னு வைப்போம். புதுசா கேக்கறது 250, வருஷ வட்டி 15 சதவீதம்னு போட்டா மாசம் 12 வரும், மொத்தம் 290 கட்டுவீங்க. வட்டி மட்டும் 40. வட்டியே இல்லாத தவணைனு கடைல சொன்னா, ரொக்கமா குடுத்தா எவ்வளவு குறைப்பீங்கனு ஒரு தடவை கேளுங்க, வட்டி எங்க ஒளிஞ்சிருக்குனு தெரியும். மொதல் 6 மாசம் 12-ம் 8-ம் சேந்து 20, அதுல அந்த 8 கைல இல்லாத பொருளுக்கு.

அந்த 12-ஐ இன்னைலேர்ந்து தனி கணக்குல போடுங்க. 6 மாசத்துல 72 சேரும், பழைய கடனும் முடியும். அப்புறம் மாசம் 20 போட்டா இன்னும் 4 மாசத்துல 150 தாண்டிடும், 10 மாசத்துல பிசி ரொக்கத்துல உங்களுது. அதுவரைக்கும் எக்ஸ்பாக்ஸ்ல அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனேங்கற ரேஸ் கேமை ஓட்டுங்க, ஜிடி3 வகை ரேஸ் கார் பிரேக்கிங் பழக அது நல்ல இடம்.

டைரக்ட் டிரைவ் இப்ப வேண்டாம், எல்லாரும் வீடியோல காட்டறதாலயே ஆசை வருது. மோட்டார் நேரா வீலோட சேந்திருக்கறதால கைக்கு வர்ற உணர்வு அருமையா இருக்கும், மறுக்கல. ஆனா லேப் டைம் குறையணும்னா காசு முதல்ல லோட் செல் பெடலுக்குப் போகணும், கால் எவ்வளவு தூரம் போச்சுங்கறதை விட்டுட்டு எவ்வளவு அழுத்தறீங்கனு அளக்கும், பிரேக் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விழும். அதையும் பிசிக்கு அப்புறமா வாங்கிக்கலாம். மூணு மானிட்டர்னு இறங்கினா கிராபிக்ஸ் கார்டு செலவு தனியா ஏறும், ஒண்ணு போதும். ஐரேசிங்ல சந்தா போக, அதோட வராத கார், டிராக்கை தனித்தனியா வாங்கணும், அதையும் கணக்குல வைங்க. உங்க லீக் எந்த கார்ல நடக்குதோ அது மட்டும் வாங்குங்க.

மச்சான் கார்டு மட்டும் வேண்டவே வேண்டாம். நீங்க ஒரு மாசம் தவறினா அவர் கிரெடிட் ஸ்கோர் தான் அடிவாங்கும், அந்தப் பேச்சு உங்க மனைவி காதுக்கு வரைக்கும் போகும். இன்னைக்கே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்க.